உபத்திரவம்தான் நம் சபைகளை வளர்த்ததா? திருநெல்வேலிச் சபையின் தொடக்க காலம் குறித்து ஒரு கேள்வி

கேள்வி – தேரிமணல்

அனைவருக்கும் வணக்கம். தேரிக்காட்டை ஒட்டிய எங்கள் சிறிய சபையின் பிரதிஷ்டைப் பண்டிகைக்காக வரலாற்று மலர் ஒன்றைத் தொகுக்கும் பொறுப்பைச் சேகரக் கமிட்டியார் என்னிடம் ஒப்படைத்துள்ளனர். எங்கள் சபை தனித்து முளைத்ததன்று. முதலூர், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் என்று படர்ந்த ஒரு கொடியின் சிறு கணு அது. ஆகையால் முதல் அத்தியாயத்தைத் திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்திலிருந்தே எழுத முற்பட்டேன்.

1778இல் பாளையங்கோட்டையில் ஜெர்மானிய மிஷனெரி சுவார்ச் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற பிராமண விதவை, 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் காணப்படும் 40 பெயர்கள், 1785இல் அந்த அம்மையாரின் முயற்சியால் எழுந்து இன்றளவும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று வழங்கும் ஆலயம், 1799இல் முதலூர் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் எழுத முடியாமல் நிற்கிறேன். 1798இல் சுவார்ச் ஐயர் மறைந்தார். 1800இல் யேனிக்கே ஐயர் காய்ச்சலுக்குப் பலியானார். 1802இல் ஊர் ஊராகச் சென்று ஏராளமானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கெரிக்கே ஐயரும் மறு ஆண்டே மறைந்தார். அதன்பின் 1820இல் ரேனியஸ் ஐயர் வந்து சேரும் வரை, ரிங்கல்தௌபே ஐயர் சில காலம் மேற்பார்வையிட்டதையும், 1816 முதல் பாளையங்கோட்டைப் படைக்குருவாக இருந்த ஹஃப் ஐயர் அக்கறை எடுத்துக்கொண்டதையும் தவிர, இச்சபைக்கென்றே தங்கியிருந்த மிஷனெரி எவரும் இல்லை. இதற்கிடையில்தான் கோயில்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டன, கொள்ளைநோயும் வந்தது.

அப்படியிருந்தும் சபை ஏன் அழிந்துபோகவில்லை? 'உபத்திரவமே சபையை வளர்த்தது' என்று வரைவில் எழுதினேன். சிறுவயது முதல் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்த வாக்கியம்தான் அது. ஆனால் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, அடிபட்டவர்களைவிட அடித்தவர்களுக்கே பெருமை சேர்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது. இக்காலத்தை ஆழ்ந்து படித்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

மறுமொழி – ஏட்டுச்சுவடி

ஐயா, உங்கள் தயக்கம் நியாயமானது. அந்த வாக்கியத்தை நீக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மிஷனெரி இல்லாத காலத்தில் சபை எப்படிப் பிழைத்தது என்று கேட்கிறீர்கள். மிஷனெரி வருவதற்கு முன்பே அங்கு என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்கினால் பாதி விடை கிடைத்துவிடும். 1771ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே சுவார்ச் ஐயர், பாளையங்கோட்டையில் வசித்த சவரிமுத்து என்ற திருச்சிராப்பள்ளிச் சபையார் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். அவர் அங்கிருந்தவர்களுக்கு வேதத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். குளோரிந்தா ஞானஸ்நானம் பெறுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. வாசிக்கத் தெரிந்த ஒருவர், கேட்பதற்கு நாலைந்து பேர், உட்கார ஒரு திண்ணை. இந்தச் சபையின் அஸ்திவாரம் இவ்வளவுதான். பிற்காலத்தில் வந்தவர்கள் எல்லோரும் இதன்மேல்தான் கட்டினார்கள்.

அடுத்து சத்தியநாதன். உபதேசியாராக இங்கு அனுப்பப்பட்டு, 1790 டிசம்பரில் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றவர். அவர் தமிழர். மொழி புரியாமல் தவிக்கவோ, வெயில் தாங்காமல் திரும்பிப் போகவோ அவருக்குத் தேவையில்லை. 1802இல் கெரிக்கே ஐயர் வந்து சென்ற பிறகு, ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை ஊர் ஊராகச் சந்தித்துச் சேர்த்துக்கொண்டவர் சத்தியநாதனே. நம் மலர்களில் கெரிக்கே ஐயரின் படத்தைப் பெரிதாகப் போடுகிறோம்; சத்தியநாதனுக்கு ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறோம். இந்தக் குறையை உங்கள் மலராவது தீர்க்கட்டும்.

மூன்றாவதாக முதலூர். இதைப் பற்றித்தான் நீங்கள் நிறைய எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். சாத்தான்குளம் பக்கத்தைச் சேர்ந்த டேவிட் சுந்தரானந்தம் தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி, உபதேசியாராகத் தம் சொந்த மக்களிடமே திரும்பி வந்தார். அவர் வார்த்தையைக் கேட்டு வேதக்காரர் ஆனவர்களுக்கு நேர்ந்த முதல் இடைஞ்சல் இடம்தான். குடியிருக்கும் மனை ஒருவருடையது, ஏறுகிற பனை இன்னொருவருடையது, தண்ணீர் எடுக்கும் கிணறு ஊருக்குப் பொது. இந்த மூன்றில் ஒன்றை மறித்துவிட்டாலும் ஒரு குடும்பம் விசுவாசத்தையோ ஊரையோ விட்டாக வேண்டும். இதை உணர்ந்த டேவிட், பாளையங்கோட்டையிலிருந்த எவரெட் என்ற படை அதிகாரியின் பண உதவியோடு நிலம் வாங்கி, துரத்தப்பட்ட சில குடும்பங்களை அங்கே குடியேற்றினார். முதலாவது ஊர் ஆகையால் முதலூர். நம் பக்கத்தில் அடைக்கலமாகப் பிறந்த கிறிஸ்தவ ஊர்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி.

அந்த 1799 எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள்தான் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 வரை பாளையப் போர் நீடித்தது. சீமை முழுவதும் கலங்கிக் கிடந்த வேளையில், ஒரு சிறு கூட்டம் புதிய ஊர் அமைத்துக் குடியேறியது. அடிக்கு அடி என்று டேவிட் தடிக்கம்பு ஏந்திய ஒரு காவல் கூட்டத்தையும் வைத்திருந்தார். இதை மறைக்க வேண்டாம். அவர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதை வழிவழிச் செய்தி என்றே குறிப்பிடுங்கள்.

மறுமொழி – மணப்பாட்டுக்காற்று

மேலே எழுதியவருடைய செய்திகளோடு எனக்கு வேறுபாடில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் 'சபை அழியவில்லை' என்பதைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் சபையின் ஒரு பகுதி அழியத்தான் செய்தது.

1802ஐ ஒட்டிய சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். 1816இல் ஹஃப் ஐயர் வந்து பார்த்தபோது, பல ஊர்களில் சிதறிக் கிடந்த சுமார் 3,000 பேரையே அவரால் காண முடிந்தது. பதினான்கு ஆண்டுகளில் குழந்தைகள் பிறந்து சபை பெருகியிருக்க வேண்டும். மாறாகச் சுருங்கியிருக்கிறது. 1810–11 காலத்துக் காய்ச்சலில் பல குடும்பங்கள் மடிந்தன. பழைய தெய்வங்களைக் கைவிட்டதனால்தான் இந்தச் சாவு என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு அஞ்சிப் பலர் திரும்பிப் போனார்கள். போனவர்களை நாம் இகழ முடியாது. ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளை அடக்கம் செய்த ஒரு தகப்பன், ஆண்டுக்கு ஒரு முறை கூடக் குருவானவரின் முகத்தைப் பார்க்க முடியாத நிலையில், எதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான்? நின்றவர்கள் இருந்தார்கள் என்பதே எனக்கு வியப்பு.

தஞ்சாவூரிலிருந்து பணம் குறைந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து புதிய ஊழியர்கள் வருவதும் நின்றுபோயிற்று. ஐரோப்பாவில் நெப்போலியன் காலத்துப் போர்கள் நடந்துகொண்டிருந்தன. எங்கோ நடந்த போருக்காகச் சாத்தான்குளத்துப் பக்கத்து உபதேசியார் ஒருவர் சம்பளம் இல்லாமல் வாடினார். உபத்திரவம் என்றவுடன் கோயிலுக்குத் தீ வைத்தவனை மட்டுமே நாம் நினைக்கிறோம். கவனிப்பாரற்றுப் போவதும் உபத்திரவம்தான். என் எண்ணத்தில் அதுவே கொடியது. பனையோலைக் கோயில் எரிந்தால் பனங்கையும் ஓலையும் வெட்டி வந்து நாலு நாளில் மறுபடி வேய்ந்துவிடலாம். பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் பத்து ஆண்டுகள் கழிந்தால், பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய ஜெபம் கூடத் தெரியாமல் போகும்.

ஆகவே மலரில், நிலைத்தவர்களின் கதையோடு திரும்பிப் போனவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அவர்களும் நம் முன்னோர்களின் அண்ணன் தம்பிகள்தாம்.

மறுமொழி – ஆரல்வாய்மொழி

திருநெல்வேலிக்கு மேற்கே, அன்றைய தென் திருவிதாங்கூரில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். எங்கள் மயிலாடிச் சபையின் கதை, கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறது.

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் சமூகத்தில் பிறந்த பக்திமான். சிதம்பரத்துக்கு யாத்திரை சென்றவர் மனநிறைவு கிட்டாமல் திரும்பும் வழியில், தஞ்சாவூரில் கிறிஸ்தவ ஆராதனையைக் கண்டு, கோலாப் ஐயரிடம் 1799இல் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் வந்து சேர்ந்தார். அவரை எந்த மிஷனெரியும் தேடி வரவில்லை. அவரே தேடிப் போனார். ஊரில் தம் உறவினரையும் அயலாரையும் கூட்டிச் சபையை நடத்தினார். நெருக்குதல் தாங்க முடியாமல், எல்லோரையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமைக்கே குடிபெயர்ந்துவிடலாம் என்று எண்ணியதும் உண்டு. 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உள்ளே வந்தபோது, மயிலாடியில் ஏற்கெனவே ஒரு சபை அவருக்காகக் காத்திருந்தது. 1809இல் அங்கே கோயில் எழுந்தது. 1816இல் அவர் உடல்நலம் கெட்டு நாட்டைவிட்டுப் போனார். 1818இல் மீட் ஐயர் வரும் வரை சபைகளைக் கட்டிக் காத்தவர் அதே வேதமாணிக்கம். கேள்வி கேட்டவர் குறிப்பிடும் திருநெல்வேலியின் வெற்றிடம் இங்கும் இருந்தது, சிறிய அளவில்.

எங்கள் பக்கத்துப் பாடுகளை நீங்கள் அறிவீர்கள். தலைவரி, கூலியில்லாத ஊழிய வேலை, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு ஆகிய மூன்றும் ஒரே வீட்டின்மேல் விழுந்தன. குப்பாயம் என்ற மேல்சட்டை அணிந்த பெண்கள் சந்தையில் அவமானப்படுத்தப்பட்டார்கள். 1827 முதல் 1830 வரை கோயில்களும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. 1858–59இல் மீண்டும் கலவரம் மூண்ட பின்னரே, 1859 ஜூலையில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்கு அரசாணை வழி திறந்தது. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுப் போராட்டம் அது.

இந்த ஐம்பது ஆண்டுகளில் சபையை நிமிர்ந்து நிற்கச் செய்ததில் ஒரு பங்கு ரேந்தைக்கு, அதாவது லேஸ் பின்னலுக்கு, உண்டு என்று சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா, பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். உறை போட்ட தலையணை ஒன்றை மடியில் வைத்து, அதில் குத்திய ஊசிகளைச் சுற்றி நூல்கட்டைகளை மாற்றி மாற்றி வீசிப் பின்னுவார்கள். என் பாட்டி அப்படிப் பின்னுவதைச் சிறுவயதில் அருகிருந்து பார்த்திருக்கிறேன். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் அந்த மெல்லிய சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர், இந்தக் கைத்தொழிலில் சேர்த்த காசைக் கொடுத்தே தங்களை மீட்டுக்கொண்டார்கள். இந்தச் சபையில் விடுதலை என்பது பிரசங்கத்தில் கேட்கும் சொல்லாக மட்டும் இருக்கவில்லை. ஒரு பெண் தன் விரல்களால் சம்பாதித்து, எண்ணி எடுத்து வைத்த பணமாகவும் இருந்தது.

மறுமொழி – கைப்பிடியரிசி

நிலம், கல்வி, கைத்தொழில் என்று சகோதரர்கள் எழுதிவிட்டார்கள். நான் அடுப்பங்கரையிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் அம்மா உலை வைக்கும்போது, களைந்து வைக்கவிருக்கும் அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்புக்கு மேலுள்ள மாடத்தில் இருக்கும் கலயத்தில் போடுவார். அதன் பிறகுதான் மீதி அரிசி கழுநீரில் விழும். இல்லாத நாளிலும் இதில் மாற்றம் இல்லை. அன்றைக்குக் கை சற்றே சுருங்கும், அவ்வளவுதான். வார முடிவில் சபை ஊழியம் செய்யும் அக்காமார் வந்து கலயத்தைக் கவிழ்த்து அளந்து கொண்டுபோவார்கள். பதநீர்க் காலத்தில் பனையேறும் குடும்பங்கள் கருப்பட்டியாகவும் கொடுப்பார்கள். நெல்லைச் சபைகளில் இது பரவலாக இருந்த வழக்கம். இதைக் காணிக்கை என்று சொல்கிறோம். ஆனால் அந்த வீட்டைப் பொறுத்தவரை அது சாப்பாட்டில் பங்கு.

1830இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் தொடங்கிய தர்ம சங்கத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். விசுவாசத்தின் பொருட்டு மனையிழந்தவர்களுக்கு இடம் வாங்கிக் குடியேற்றுவதே அச்சங்கத்தின் நோக்கம். முதலூரில் டேவிட் ஒரு முறை செய்ததை, சங்கம் ஒழுங்குமுறையாகச் செய்தது. இன்று நாம் பேருந்தில் கடந்துபோகும் சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், கடாட்சபுரம் போன்ற ஊர்ப்பெயர்களைக் கேட்கும்போதெல்லாம், அங்கே முதலில் கூரை போட்டவர்கள் எங்கிருந்து எதை விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்று யோசிப்பேன்.

இந்தக் கைப்பிடிப் பழக்கத்தின் நீட்சிதான் 1903இல் பாளையங்கோட்டையில் பிறந்த இந்திய மிஷனெரி சங்கம். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா முன்னின்று தொடங்கிய அச்சங்கம், நம் பணத்தில் நம் ஆட்களை நம் நிர்வாகத்தில் ஹைதராபாத் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பியது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு உபதேசியாருக்குச் சம்பளம் இல்லாமல் வாடிய சபை, பிறமொழி பேசும் மக்களுக்கு உபதேசியாரை அனுப்பியது. 1912இல் அசரியா இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

எங்கள் சபையிலும் ஒரு காலத்தில் பெரிய பிளவு ஏற்பட்டு, இரண்டு ஆண்டுகள் ஒரே தெருவில் இரண்டு இடங்களில் ஆராதனை நடந்தது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் எங்கள் அம்மா கலயத்தில் அரிசி போடுவதை நிறுத்தவில்லை. யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால், ஏழைக் கைம்பெண் ஒருவர் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்.

மறுமொழி – ஏட்டுச்சுவடி

சகோதரி பிளவைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சபை பட்ட பாடுகளில் பாதி வெளியிலிருந்து வந்தது. மீதி உள்ளிருந்தே வந்தது. 1835இல் ரேனியஸ் ஐயருக்கும் அவரை அனுப்பிய மிஷனெரி சங்கத்துக்கும் உறவு முறிந்தபோது, உபதேசியார்களும் சபைகளும் இரண்டுபட்டன. 1838இல் அவர் மறைந்த பின்னரே அந்தக் காயம் மெல்ல ஆறியது.

அதைவிட நினைக்கத்தக்கது நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் 1857இல் எழுந்த சட்டாம்பிள்ளையின் சபை. மிஷனெரிமாரின் அதிகாரத்தையும், தம் மக்களான நாடார்களைக் குறித்து மிஷனெரி கால்டுவெல் 1849இல் எழுதியவற்றையும் ஏற்க மறுத்த அவர், மிஷனிலிருந்து ஒரு காசும் பெறாமல் தனிச்சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம், தரையில் அமர்ந்து ஆராதனை, சம்பளக் குருமார் இல்லாமை ஆகியவை அதன் அடையாளங்கள். ஏக இரட்சகர் சபை என்பது மக்கள் வழக்கு. உபதேச அளவில் எனக்கு அதனோடு உடன்பாடு இல்லாத இடங்கள் பல உண்டு. ஆயினும் 'சுதேச சபை' என்ற சொல்லுக்கு நம் மண்ணில் கிடைக்கும் மிகத் தொடக்கத்துச் சான்றுகளில் அது ஒன்று. அதைப் பிரிவினை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நியாயம் ஆகாது. உங்கள் மலரில் நாசரேத்தைப் பற்றி எழுதும் பக்கத்தில் இதற்கும் இடம் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர் – தேரிமணல்

மறுமொழி எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக அத்தியாயத்தைச் சவரிமுத்துவின் வாசிப்பிலிருந்து தொடங்கி, சத்தியநாதனுக்கு இரண்டு முழுப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறேன். மயிலாடி ஐயாவின் குறிப்பைத் தனிக் கட்டமாக வைக்க எண்ணம்.

திரும்பிப் போனவர்களைப் பற்றிய பத்தி குறித்துக் கமிட்டியில் பேசினேன். பண்டிகை மலரில் இது எதற்கு என்று இரண்டு மூப்பர்கள் கேட்டார்கள். மூத்தவர் ஒருவர் மட்டும் எழுந்து, தம் தகப்பனாரின் கூடப்பிறந்த சித்தப்பா குடும்பம் இன்றும் பக்கத்து ஊரில் வேறு வழிபாட்டில் இருப்பதையும், கல்யாணம் காட்சி என்றால் இரு வீட்டாரும் கூடிக்கொள்வதையும் சொன்னார். பத்தி இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அவரிடமே சென்று அதை எழுதி வாங்க இருக்கிறேன்.

கைப்பிடியரிசி அம்மா அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் தாயார் பயன்படுத்திய அந்தக் கலயம் இன்னும் வீட்டில் இருக்குமானால், அதன் படம் ஒன்றை அனுப்பி உதவுங்கள். மலரின் இரண்டாம் பக்கத்தை அதற்காக ஒழித்து வைத்திருக்கிறேன்.